ஹெரால்டின் கிராஸ் மெம்பர் எங்கே உட்கார வேண்டும்?

ஸ்டாண்டர்டு ஹெரால்டின் முன் கிராஸ் மெம்பர் துருவில் போய்விட்டால், புதியதை எந்த இடத்தில் வைப்பது? இதற்கு ஒரு அளவைச் சொல்லி அனுப்பிவிட முடியாது. டீ ஆறுவதற்குள் முடிகிற பேச்சும் இல்லை. பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் வண்டியைத் தெரிந்துகொள்ள வேண்டும். மிக்கேலொட்டி வடிவமைத்த இந்தக் கார், 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்தது. 1961 முதல் நம் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாகத் தயாரானது. பாடி தனி, சேசிஸ் தனி. பாடியைப் போல்ட் கழற்றித் தூக்கிவிடலாம் என்பதால் சீரமைப்பவருக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது என்பேன். ஆனால் இதே சௌகரியத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சேசிஸ் கோணியிருந்தாலும் அங்கங்கே ஷிம் கொடுத்துப் பாடியை உட்கார வைத்துவிட முடியும். கோணல் மறைந்துதான் இருக்கும், போயிருக்காது.

ஸ்டீயரிங் ரேக் உட்கார்ந்திருப்பது முன் கிராஸ் மெம்பர் மேல். இரு பக்கமும் சேசிஸில் போல்ட் போட்டு நிற்கும் டரட்கள்தான் முன் சஸ்பென்ஷனைத் தாங்குகின்றன. எஞ்சின் மவுண்ட் பிராக்கெட்டுகளும் அவற்றில்தான். ஆகவே இங்கே ஒன்று நகர்ந்தால் சக்கரம், ஸ்டீயரிங், எஞ்சின் மூன்றுக்கும் உள்ள உறவே மாறிவிடும்.

அதனால் பழையதை வெட்டுவதற்கு முன்பே அளவெடுங்கள். சேசிஸை ஸ்டாண்டுகளில் ஏற்றி, ரசமட்டம் வைத்துச் சமன் செய்யுங்கள். துரு தின்ற விளிம்பிலிருந்து எடுத்த அளவு எதற்கும் உதவாது. தொழிற்சாலையில் போட்ட, இன்னும் நல்ல நிலையில் இருக்கும் துளைகளைத் தேர்ந்தெடுங்கள்: டரட் போல்ட் துளைகள், பாடி போல்ட் துளைகள், கியர்பாக்ஸ் மவுண்ட் துளைகள். ஒவ்வொன்றின் நடுவிலிருந்தும் தூக்குக்குண்டு தொங்கவிட்டுத் தரையில் குறியிடுங்கள். நடுக்கோட்டுக்கு நூல் பிடியுங்கள். பிறகு மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒத்துப்போகவில்லை என்றால் வண்டி எப்போதோ முன்னால் அடி வாங்கியிருக்கிறது. பழைய கிராஸ் மெம்பர் இருந்த இடமே தவறாக இருக்கலாம். அப்போது அதை நம்பாமல் வொர்க்‌ஷாப் மேனுவலில் உள்ள சேசிஸ் அளவுப் படத்துக்குப் போக வேண்டும். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையத்துக்கு 91.5 அங்குலம். இரண்டு பக்கமும் அது வருகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை.

முன்பின், இடவலம் இரண்டையும் எல்லோரும் பார்ப்பார்கள். பலர் கோட்டை விடுவது உயரத்தில். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சஸ்பென்ஷன் கை ஒரு வளைவில் போகிறது, ரேக்கிலிருந்து வரும் டை ராடு இன்னொரு வளைவில் போகிறது. ரேக் சரியான உயரத்தில் இருக்கும்வரை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே நடக்கும். ரேக் சில மில்லிமீட்டர் மேலோ கீழோ இருந்தால்கூட, ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானாகத் திரும்பப் பார்க்கும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருந்தும் வண்டி அலையும். அலைன்மென்ட் எத்தனை முறை பார்த்தாலும் அது தீராது.

எஞ்சினை வைத்துப் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். எண்ணெய் ஊறி நசுங்கிய பழைய மவுண்ட் ரப்பரில் எஞ்சின் தாழ்ந்தே உட்காரும். புது ரப்பர் போட்டு, கியர்பாக்ஸையும் அதன் மவுண்டில் பொருத்தி, முழு எடையும் இறங்கிய பிறகுதான் சம்ப்புக்குக் கீழும் கிராங்க் புல்லிக்கும் ரேக்குக்கும் நடுவிலும் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். அதுவரை எந்தப் போல்ட்டையும் முழுதாக முறுக்க வேண்டாம்.

இடம் உறுதியானதும் டாக் வெல்டு மட்டும் வையுங்கள். மறுபடி அளந்துவிட்டு, வலது இடது என்று மாறி மாறிச் சிறுசிறு துண்டாக வெல்டிங் செய்யுங்கள். ஒரே பக்கத்தை ஒரே மூச்சில் ஓட்டினால் ஆறும்போது இரும்பு சுருங்கி அந்தப் பக்கமாக இழுத்துவிடும். அத்தனை அளவும் வீண்.

ஹெரால்டின் பானெட் இரண்டு முன் மட்கார்டுகளையும் சேர்த்துக்கொண்டு முன்பக்கமாகச் சாய்வது. அதன் கீல்களும் சேசிஸின் முன்முனையில்தான். மூடிப் பார்த்தால், கதவோரத்து இடைவெளி ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் தெரியலாம். கீலைத் தளர்த்தி அதைச் சரிக்கட்டிவிடலாம். ஆனால் கீலில் கை வைக்கும் முன், குறுக்களவை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள்.