டிராகன் வரைந்தவரிடம் யாரும் கேட்கவில்லை

போலந்து நாட்டில் கிரெக் ருட்கோவ்ஸ்கி என்று ஓர் ஓவியர் இருக்கிறார். டிராகன், கோட்டை, வாளேந்திய வீரர்கள், மேகத்தைப் பிளந்துகொண்டு விழும் பொன்னிற வெளிச்சம் என்று அவர் வரைவதெல்லாம் ஒரு மாய உலகம். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, ‘மேஜிக்: த கேதரிங்’ ஆகிய விளையாட்டுகளுக்குப் படம் வரைந்திருக்கிறார். கணினியில் வரைந்தாலும், பழங்கால ஐரோப்பிய எண்ணெய் வண்ண ஓவியத்தைப் பார்ப்பதுபோல இருக்கும்.

2022 ஆகஸ்டில் ‘ஸ்டேபிள் டிஃப்யூஷன்’ என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தது. என்ன படம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் போதும், சில நொடிகளில் படம் வந்துவிடும். “மலையுச்சியில் ஒரு டிராகன், கிரெக் ருட்கோவ்ஸ்கி பாணியில்” என்று எழுதினால், அவர் வரைந்தது போலவே ஒரு டிராகன் வந்து நிற்கும். அடுத்த மாதமே இப்படி உருவான படங்களைத் திரட்டிவைத்திருந்த ஒரு தளத்தில் தேடிப் பார்த்தார்கள். அவருடைய பெயரை மட்டும் சுமார் 93,000 தடவை எழுதியிருந்தார்கள்! மைக்கேலாஞ்சலோ, பிக்காசோ, லியனார்டோ டாவின்சி ஆகியோரின் பெயர்கள்கூட ஆளுக்கு 2,000 தடவைக்கு மேல் போகவில்லை. இணையத்தில் தன் பெயரைப் போட்டுத் தேடிய ருட்கோவ்ஸ்கிக்கு, தான் வரையாத படங்களே தன் பெயரோடு வந்து நின்றன.

ஏன் இவர் பெயர்? ஒரு காரணம் என் மனதை மிகவும் வருத்துகிறது. இணையத்தில் படம் போடும்போது, அதில் என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் விளக்கம் எழுதிவைப்பது அவர் வழக்கம். அப்படி எழுதினால், பார்வையற்றவர்களின் கணினி அதை வாசித்துச் சொல்லும். தேடுபவர்களுக்கும் படம் எளிதில் கிடைக்கும். நல்ல பழக்கம். ஆனால் படமும் விளக்கமும் சேர்ந்து கிடைத்தால், அதைவிட வசதியான பாடப்புத்தகம் இயந்திரத்துக்கு வேறில்லை.

அந்த இயந்திரம் எப்படிப் படிக்கிறது என்று பார்ப்போம்.

மார்கழி மாதக் காலை. வாசலில் பெரிய கோலம். அதன்மேல் ஒருவர் ஒரு சிட்டிகை மாவைத் தூவுகிறார். கோலம் நன்றாகத் தெரிகிறது. இன்னொரு சிட்டிகை, இன்னொன்று என்று தூவிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் கோடும் தெரியாது, புள்ளியும் தெரியாது. வெறும் வெள்ளைப் பொடிதான். இப்போது இயந்திரத்திடம் கேட்கிறார்கள்: “கடைசியாகத் தூவிய பொடி எது? அதை மட்டும் எடு.” முதலில் தப்பாகத்தான் எடுக்கும். ஒவ்வொரு தப்புக்கும் தன் கணக்கைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும். ஒரு கோலத்தில் அல்ல, கோடிக்கணக்கான படங்களில் இந்தப் பயிற்சி நடக்கிறது. படத்தில் பொடி என்றால், கண்டபடி இறைந்த வண்ணப் புள்ளிகள்.

பயிற்சி முடிந்தபின் நடப்பதுதான் அதிசயம். அடியில் எந்தப் படமும் இல்லாத வெறும் புள்ளிக் குழப்பத்தை அதனிடம் கொடுத்து, “இதற்குள் ஒரு டிராகன் இருக்கிறது, பொடியை எடு” என்கிறோம். அது நம்பி எடுக்கத் தொடங்குகிறது. சில பத்து தடவை எடுத்ததும் இறக்கை தெரிகிறது, வால் தெரிகிறது, உலகில் யாரும் வரைந்திராத ஒரு டிராகன் வெளியே வருகிறது. ‘டிராகன்’ என்ற சொல்லுக்கு எந்த வடிவம், ‘ருட்கோவ்ஸ்கி’ என்ற சொல்லுக்கு எந்த வெளிச்சம் என்பதையெல்லாம் படங்களின் விளக்கவரிகளிலிருந்து அது கற்றிருக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர்களின் அறிவை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

பயிற்சிக்கான படங்கள் எங்கிருந்து வந்தன? ஜெர்மனியைச் சேர்ந்த ‘லயான்’ என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2022-இல் ஒரு பெரிய பட்டியலை வெளியிட்டது. இணையத்தில் இருக்கும் படங்களின் முகவரிகளும் அவற்றின் விளக்கங்களும் அதில் இருந்தன. மொத்தம் 585 கோடி! ஓவியங்கள், குடும்பப் புகைப்படங்கள், கடை விளம்பரங்கள் எல்லாம் கலந்து கிடந்தன. ஸ்டேபிள் டிஃப்யூஷன் அதில் ஒரு பகுதியைக் கொண்டு பயின்றது. படத்துக்குச் சொந்தக்காரர்களிடம் யாரும் போய், “எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்கவில்லை.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். அந்த மென்பொருளின் கோப்பு சுமார் 4 ஜிபி, அதாவது ஏறக்குறைய 400 கோடி பைட். பயின்ற படங்கள் 200 கோடிக்கு மேல். வகுத்தால் ஒரு படத்துக்கு 2 பைட்கூடத் தேறாது. ‘அ’ என்ற ஒரே எழுத்தைச் சேமிக்க இணையத்தில் வழக்கமாக 3 பைட் தேவை! ஓர் ‘அ’ எழுதும் இடத்தில் ஓர் ஓவியத்தை மடித்துவைக்க முடியுமா? முடியாது. ஆகவே படங்கள் அப்படியே உள்ளே அடுக்கப்பட்டிருக்கவில்லை. அவற்றிலிருந்து கற்ற எண்கள்தான் இருக்கின்றன.

“அப்படியானால் திருடவில்லையே!” என்று எழுந்துவிடாதீர்கள், கதை இன்னும் இருக்கிறது. 2023-இல் சில ஆராய்ச்சியாளர்கள், பயிற்சியில் திரும்பத் திரும்ப வந்த படங்களின் விளக்கவரிகள் 3,50,000-ஐ எடுத்து இந்த மென்பொருளைச் சோதித்தார்கள். ஏறக்குறைய நூறு படங்களை அது அச்சு அசலாக வெளியே கொடுத்துவிட்டது. நூறு என்பது மிகச் சிறிய பங்குதான். ஆனால் ஒன்றுகூட உள்ளே இல்லை என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. ‘கெட்டி இமேஜஸ்’ என்ற புகைப்பட நிறுவனம், விற்பனைக்கு வைத்த படங்களின் மேல் தன் பெயரை மங்கலாகப் பொறித்திருக்கும். இயந்திரம் தந்த சில புதிய படங்களிலும் அந்த முத்திரை கோணல்மாணலாக வந்து நின்றது. அது எழுத்து என்று இயந்திரத்துக்குத் தெரியாது. புல்லும் மரமும் போல அதுவும் படத்தின் ஒரு பகுதி என்று நினைத்துப் படித்திருக்கிறது.

நீங்கள் போட்ட அந்த வகுத்தல் கணக்கு எழுப்பும் கேள்வியைத்தான் நீதிமன்றங்களும் இப்போது அலசுகின்றன. கெட்டி நிறுவனம் லண்டனில் தொடர்ந்த வழக்கில் 2025 நவம்பர் 4 அன்று தீர்ப்பு வந்தது. முத்திரை விஷயத்தில் கெட்டிக்குச் சிறு வெற்றி கிடைத்தது. ஆனால் மென்பொருளுக்குள் படங்களின் நகல் இல்லை, எனவே அந்த மென்பொருளே ஒரு திருட்டு நகல் ஆகாது என்றார் நீதிபதி. சரியாக ஒரு வாரம் கழித்து, ஜெர்மனியின் மியூனிக் நகர நீதிமன்றம் பாடல் வரிகளைப் பற்றிய வேறொரு வழக்கில், இயந்திரம் மனப்பாடம் செய்து வைத்திருப்பதும் நகல்தான் என்றது. அமெரிக்காவில் சாரா ஆண்டர்சன், கெல்லி மெக்கெர்னன், கார்லா ஒர்டீஸ் என்ற மூன்று ஓவியர்கள் 2023 ஜனவரியில் ஸ்டேபிள் டிஃப்யூஷனை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், பின்னர் ருட்கோவ்ஸ்கியும் சேர்ந்துகொண்டார். பெரியவர்களே ஒரு முடிவுக்கு வராத கேள்வி இது. நீங்கள் தைரியமாக யோசிக்கலாம்.

உங்களில் யாராவது இப்படிக் கேட்கலாம்: “நானும் மற்றவர்கள் வரைந்ததைப் பார்த்துத்தானே வரையக் கற்றுக்கொண்டேன்? நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லையே!” இது மிக நல்ல கேள்வி. ஓவியப் பள்ளிகளிலும் பழைய ஓவியங்களைப் பார்த்து வரைவது முக்கியமான பயிற்சி. ஒருவருடைய பாணிக்குச் சட்டமும் வேலி போடுவதில்லை. குறிப்பிட்ட ஓவியத்துக்குத்தான் உரிமை உண்டு. வெளிச்சம் விழும் விதத்துக்கோ, கண்களைப் பெரிதாகப் போடும் முறைக்கோ இல்லை. அது நல்லதுதான். இல்லாவிட்டால் முதலில் வரைந்தவரைத் தவிர வேறு யாரும் டிராகன் வரைய முடியாது.

ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல என்றுதான் நான் நினைக்கிறேன். ருட்கோவ்ஸ்கியைப் பார்த்து நீங்கள் வரையப் பழகினால், பல வருடம் கை வலிக்க வரைவீர்கள். அதற்குள் உங்கள் கைக்கென்று ஒரு பாணி வந்துவிடும். அவரோடு இன்னோர் ஓவியர் உலகத்துக்குக் கிடைப்பார். இயந்திரத்தில் அவருடைய பெயரே ஒரு பொத்தான் ஆகிவிட்டது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அழுத்தலாம். ஒரு புத்தக நிறுவனம் அவரிடம் அட்டைப்படம் கேட்பதற்குப் பதிலாக அந்தப் பொத்தானை அழுத்திவிட்டால், அவருடைய உழைப்பைக் கொண்டே அவருடைய வேலை பறிபோகிறது. என்னைக் கேட்டால், இயந்திரம் கற்றுக்கொண்டதில் தப்பில்லை. கேட்காமல் எடுத்து, பெயரும் சொல்லாமல், அதை வைத்து வியாபாரம் செய்வதுதான் தப்பு.

2025 மார்ச்சில் சாட்ஜிபிடியின் புதிய படக் கருவி வந்தபோது, ஊரெல்லாம் குடும்பப் போட்டோவை ‘ஜிப்லி’ கார்ட்டூனாக மாற்றிப் பார்த்தார்கள். உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம். அழகாக இருந்தது, மறுக்கவில்லை. ஜிப்லி என்பது ஜப்பானில் கையால் வரைந்து திரைப்படம் எடுக்கும் கலைக்கூடம். 2013-இல் வந்த அவர்களுடைய ‘த விண்ட் ரைசஸ்’ படத்தில் கூட்டம் அலைமோதும் ஒரு காட்சி உண்டு. திரையில் அது ஓடுவது 4 நொடி. அதை வரைய ஏய்ஜி யமமோரி என்ற ஓவியருக்கு 1 வருடம் 3 மாதம் ஆயிற்று. கூட்டத்தில் ஒவ்வொருவரும் தனித்தனி மனிதராக நகர வேண்டும் அல்லவா? அந்தப் பதினைந்து மாதத்தைத் தெரிந்துகொண்ட பிறகு, அந்தக் கார்ட்டூன் போட்டோவை இன்னொரு தடவை பாருங்கள்.

ஓவியர்கள் சும்மா இருக்கவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பென் ஜாவ் என்ற கணினிப் பேராசிரியரின் குழு 2023-இல் ‘கிளேஸ்’ என்ற மென்பொருளை உருவாக்கியது. படத்தின் பிக்சல்களை அது நம் கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு மாற்றிவிடும். நாம் பார்த்தால் கரியால் வரைந்த ஒரு முகம்; இயந்திரம் படித்தால், வண்ணத்தை வாரித் தெளித்த ஏதோ ஒரு நவீன ஓவியம்! அதே குழு 2024-இல் ‘நைட்ஷேட்’ என்ற இன்னொன்றையும் தந்தது. புல்வெளியில் நிற்கும் பசுவின் படத்தை அதில் போட்டு எடுத்தால், புல்லில் கிடக்கும் தோல் பையைப் பார்ப்பதாக இயந்திரம் நினைக்கும். இப்படிப்பட்ட படங்கள் நிறையச் சேர்ந்துவிட்டால், பசு கேட்டவர்களுக்குப் பை வரும். இயந்திரம் நம்மைப் போலப் ‘பார்ப்பது’ இல்லை, எண்களைத்தான் கணக்கிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று ஏது? ஆனால் இது நிரந்தரப் பாதுகாப்பு இல்லை என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள்.

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. இன்று மாலை நீங்களாக யோசித்து நோட்டுப் புத்தகத்தில் ஒரு யானை வரைந்தால், அந்த நிமிடமே அதன் உரிமை உங்களுக்கு வந்துவிடும். எங்கும் பதிவு செய்ய வேண்டாம், வயதும் தடையில்லை. ஓவியரின் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். 1906-இல் மறைந்த ராஜா ரவி வர்மாவின் ஓவியங்கள் இப்போது எல்லோருக்கும் பொது. இயந்திரமும் அவற்றிலிருந்து தாராளமாகக் கற்கலாம். படத்தை விற்ற பிறகும், “இது நான் வரைந்தது” என்று சொல்லும் உரிமை வரைந்தவரிடமே இருக்கும்.

இயந்திரம் தந்த படம் யாருக்குச் சொந்தம்? அமெரிக்காவில் ஒருவர் கதையைத் தானே எழுதி, படங்களை மட்டும் ‘மிட்ஜர்னி’ என்ற மென்பொருளிடம் வாங்கி ஒரு படக்கதை வெளியிட்டார். 2023 பிப்ரவரியில் அங்குள்ள பதிப்புரிமை அலுவலகம், கதையும் அதைக் கோத்த விதமும் அவருடையவை, படங்களுக்கு உரிமை தர முடியாது என்று சொல்லிவிட்டது.

நம் நாட்டிலும் பேச்சு தொடங்கிவிட்டது. மத்திய அரசு அமைத்த குழு 2025 டிசம்பரில் ஒரு யோசனையை முன்வைத்தது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் சட்டப்படி பெற்ற எந்தப் படைப்பிலிருந்தும் பயிலலாம், ஆனால் வருமானத்தில் ஒரு பங்கை உரிமைத்தொகையாகப் படைப்பாளிகளுக்குத் தர வேண்டும் என்பது அதன் சாரம். ஓவியருக்குப் பணம் வரும் என்பது பெரிய முன்னேற்றம். ஆனால் இந்த யோசனைப்படி, “என் படம் வேண்டாம், எடுக்காதீர்கள்” என்று சொல்ல ஓவியருக்கு வழியில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. கேட்பது என்றால், ‘இல்லை’ என்ற பதிலுக்கும் இடம் வேண்டும். உங்கள் யானைப் படத்தை ஒரு நிறுவனம் காசு கொடுத்து எடுத்துக்கொள்ளும், நீங்கள் மறுக்க முடியாது என்றால் சம்மதிப்பீர்களா? வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து விவாதித்துப் பாருங்கள். உங்கள் ஓவிய ஆசிரியரையும் பேச அழையுங்கள். என்ன முடிவுக்கு வந்தீர்கள், ஏன் வந்தீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். கடிதத்தோடு படம் அனுப்பினால், வரைந்தவர் பெயரைக் கீழே எழுத மறக்காதீர்கள். இயந்திரத்தின் உதவியோடு செய்த படமாக இருந்தால் அதையும் எழுதுங்கள்.