சொந்த ஊர் என்ற கட்டம்

எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் ‘இடம்பெயர்தல் மற்றும் நகரமயமாதல்’ என்றொரு பாடம் உண்டு. அதைத் தொடங்கும் முன் மாணவர்களிடம் ஒரு தாளைக் கொடுப்பது என் வழக்கம். தாளில் மூன்று கட்டங்கள் இருக்கும்: பெயர், இப்போது வசிக்கும் ஊர், சொந்த ஊர். எல்லாரும் நிரப்பியதும் ஊர்ப் பெயர்களை வரைபடத்தில் குறிப்போம்.

நான் பணிபுரிவது நாமக்கல் மாவட்டத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாணவி மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டுத் தாளைக் கொடுத்தாள். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து பள்ளிக்கு வருபவள்.

“முகாம் இருக்கிற ஊர் பேரையே எழுதும்மா” என்றேன்.

“அது சொந்த ஊர் இல்லையே சார்.”

“அப்படின்னா இலங்கைன்னு எழுது.”

“இலங்கையை நான் பார்த்ததே இல்லை சார். நான் பொறந்தது நாமக்கல் ஜி.எச்.ல.”

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அன்று மாலை அந்தத் தாள்களை எடுத்து வைத்தபோது, தவறு அவள் பதிலில் இல்லை, என் கேள்வியில்தான் இருக்கிறது என்று புரிந்தது. இடப்பெயர்வைப் பற்றி ஆய்வாளர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். அதில் வகுப்பறைக்கு உதவியவற்றை இங்கே பகிர்கிறேன்.

ஒரு கேள்வி போதாது

நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ‘சொந்த ஊர் எது?’ என்று கேட்பதில்லை. பிறந்த இடம் எது, இதற்கு முன் வசித்த இடம் எது, இங்கே வந்து எத்தனை ஆண்டுகள், வந்த காரணம் என்ன என்று தனித்தனியாகக் கேட்கிறது. 2011 கணக்கெடுப்பில் இந்த முறையில் 45 கோடிக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தவர்கள் என்று தெரிந்தது. மக்கள்தொகையில் இது ஏறத்தாழ 37 விழுக்காடு. பெண்கள் சொன்ன முதன்மைக் காரணம் திருமணம். இந்த நான்கு கேள்விகளையும் வீட்டில் கேட்டுவரச் சொன்னால், இடம்பெயர்ந்தவர் என்பது வேறு யாரையோ குறிக்கும் சொல் அல்ல, தன் அம்மாவுக்கும் பொருந்தும் சொல் என்று பெரும்பாலான மாணவர்கள் கண்டுகொள்கிறார்கள்.

நாடு விட்டு நாடு செல்வதற்கும் வரையறை உண்டு. வழக்கமாக வசிக்கும் நாட்டை விட்டு வேறொரு நாட்டில் குறைந்தது 12 மாதங்கள் வசிப்பவரை நீண்டகாலப் பன்னாட்டுக் குடியேறி என்று ஐக்கிய நாடுகள் அவை வரையறுத்தது. அதன் 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்வோர் போன்ற பன்னாட்டுக் குடியேறிகள் 30.4 கோடிப் பேர், அதாவது உலக மக்களில் 3.7 விழுக்காடு. இடம்பெயர்வோரில் பெரும்பாலோர் தம் நாட்டு எல்லைக்குள்ளேயேதான் நகர்கிறார்கள்.

இதை முதலில் ஒழுங்குபடுத்திச் சொன்னவர்களில் ஒருவர் ராவன்ஸ்டைன். 1881ஆம் ஆண்டின் பிரிட்டன் கணக்கெடுப்பை ஆராய்ந்து 1885இல் கட்டுரை எழுதினார். பெரும்பாலோர் குறைந்த தொலைவுதான் செல்கிறார்கள், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஓர் எதிரோட்டம் உண்டு என்பவை அவர் கண்டவற்றுள் இரண்டு. நம் பகுதியிலேயே இதைக் காட்டலாம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளோடு இங்குள்ள அப்பாக்கள் வட மாநிலங்களுக்குப் போகிறார்கள். அதே நேரத்தில் இங்குள்ள கோழிப் பண்ணைகளுக்கும் நூற்பாலைகளுக்கும் வட மாநிலங்களிலிருந்து குடும்பங்கள் வருகின்றன.

இந்த மண்ணிலிருந்து போனவர்கள்

தள்ளும் காரணிகள், ஈர்க்கும் காரணிகள் என்று இரண்டு பட்டியல் எழுதிப் போட்டுப் பாடத்தை முடித்துவிடுகிறோம். பழைய சேலம் மாவட்டத்தின் கதையைப் பார்த்தால் அந்தப் பட்டியலில் எது விடுபடுகிறது என்று தெரியும்.

1876 முதல் 1878 வரையான தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் கடுமையாகப் பாதித்த மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. 1871இல் சுமார் 19.67 லட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை 1881இல் சுமார் 16 லட்சமாகக் குறைந்தது. இறந்தவர்கள் பலர், ஊரை விட்டுப் போனவர்கள் பலர். பஞ்சம் தள்ளியது, தோட்ட வேலை ஈர்த்தது என்று இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால், இடைப்பாடியிலோ ராசிபுரத்திலோ பசித்திருந்த ஒருவருக்குக் கண்டி மலையில் வேலை இருப்பது எப்படித் தெரிந்தது? யாரோ வந்து சொன்னார், யாரோ வழிச்செலவுக்குப் பணம் கொடுத்தார். அவர்தான் கங்காணி. தன் ஊரிலும் உறவிலும் ஆள் திரட்டி, முன்பணம் கொடுத்து, அழைத்துச் சென்று, தோட்டத்தில் மேற்பார்வையும் பார்த்தவர். அந்த முன்பணமே தொழிலாளியின் கடனானது. கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. கடன் எவ்வளவு என்று எழுதித் தரும் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். 1921இல்தான் அந்த முறை சட்டப்படி நீக்கப்பட்டது.

காரணிகளுக்கு நடுவே ஒரு மனிதர், ஒரு கடன், ஒரு சீட்டு இருப்பதை மாணவர்கள் பார்க்க வேண்டும். இன்று வளைகுடா நாட்டுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்களின் கதையிலும் ஏஜெண்ட், வட்டிக்கு வாங்கிய பணம், விசா என்று அவை வேறு பெயரில் வருகின்றன.

இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் பெரும்பாலும் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், திருநெல்வேலி, புதுக்கோட்டைப் பகுதியினர். தொடக்கத்தில் காப்பித் தோட்டங்களுக்காகக் கடற்கரை வரை நடந்து, படகில் மன்னார்ப் பகுதியை அடைந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை மீண்டும் நடந்தார்கள். வழியில் நோயாலும் பசியாலும் இறந்தவர்கள் ஏராளம். 1869 முதல் இலைத்துரு நோய் பரவிக் காப்பி அழிந்த பிறகு தேயிலை வந்தது. அந்த வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, 2023இல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே திசையில் நடந்தார்கள்.

பேரேடும் வாய்மொழியும்

இந்தப் பயணங்களை ஆய்வாளர்கள் எப்படி அறிகிறார்கள்? முதல் வழி பேரேடு. சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. அன்று முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக நேட்டாலுக்குச் சென்றார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் என்று கப்பல் பட்டியலில் எழுதினார்கள். சேலம் ஜில்லாவின் பெயரும் அவற்றில் வருகிறது. சுரேந்திர பானா என்ற வரலாற்றாசிரியர் இந்தப் பட்டியல்களை ஆராய்ந்து 1991இல் ஒரு நூல் வெளியிட்டார்.

இரண்டாவது வழி கள ஆய்வு. கேரளத்தில் 1998 முதல் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம் வீடு வீடாகச் சென்று இடப்பெயர்வுக் கணக்கெடுப்புகளை நடத்தியது. அதே முறையில் 2015இல் பேராசிரியர் இருதயராஜன் தலைமையில் தமிழ்நாட்டிலும் 20,000 வீடுகளில் ஆய்வு நடந்தது. சுமார் 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருப்பதாக அது மதிப்பிட்டது. அதிகம் பேர் சென்றிருந்த நாடு சிங்கப்பூர்.

மூன்றாவது வழி வாய்மொழி வரலாறு. கங்காணியோடு இலங்கைக்குப் போனவர்கள் ஒப்பந்த முறைக்குள் வரவில்லை. எனவே, நேட்டால் பட்டியல் போன்ற பதிவு அவர்களுக்கு அரிது. வீட்டில் மிஞ்சிய தாள்களும் முதியவர்களின் நினைவும்தான் அங்கே ஆவணம். பள்ளி மாணவரால் செய்யக்கூடிய ஆய்வும் இதுதான்.

திருச்சி ஜில்லா, நாமக்கல் தாலுகா

அடுத்த வாரம் தாளை மாற்றினேன். ‘சொந்த ஊர்’ கட்டத்தை எடுத்துவிட்டு, ‘உங்கள் குடும்பத்தினர் வாழ்ந்த ஊர்கள்’ என்று ஒரு பட்டியல் வைத்தேன். யார், எந்த ஊர், எப்போது, யார் அழைத்துப் போனார்கள் என்று நான்கு பத்திகள். தெரிந்ததை, சொல்ல விரும்புவதை மட்டும் எழுதினால் போதும் என்றேன்.

அந்த மாணவி தன் அப்பாயியிடம் கேட்டு எழுதி வந்தாள். அப்பாயி பிறந்தது அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து வீட்டில். அதிகாலையில் ‘பெரட்டு’க்குப் போய் நின்று பெயர் கொடுத்துவிட்டுத்தான் கொழுந்து கிள்ளப் போக வேண்டும் என்று அவர் சொன்னதையும் ஓரத்தில் எழுதியிருந்தாள். 1977 கலவரத்துக்குப் பின் குடும்பம் வவுனியாவுக்குப் போனது. அப்பா அங்கே பிறந்தார். 1990இல் படகில் இராமேசுவரம், மண்டபம், பிறகு நாமக்கல். முதல் வரியில் மட்டும் அப்பாயியின் தகப்பனார் புறப்பட்ட ஊராக ‘திருச்சி’ என்று எழுதியிருந்தாள்.

“திருச்சியில் எந்த ஊர்?” என்று கேட்டேன். மறுநாள் பழைய தாள் ஒன்றின் நகலைக் கொண்டுவந்தாள். இந்தியக் குடியுரிமை கேட்டு அவர் எழுதிய விண்ணப்பம். அதில் ஆங்கிலத்தில் திருச்சினாப்பள்ளி ஜில்லா, நாமக்கல் தாலுகா என்றிருந்தது. கீழே ஒரு கிராமத்தின் பெயர்.

எங்களில் பலருக்கும் தெரியாத செய்தி அது. நாமக்கல் தாலுகா 1910 முதல் 1929 வரை திருச்சி மாவட்டத்தில் இருந்தது. பிறகு சேலத்துக்குத் திரும்பி, 1997இல் தனி மாவட்டத்தின் தலைநகரானது. கிழவர் புறப்பட்டது அந்த இடைக்காலத்தில். அந்தக் கிராமம் எங்கள் பள்ளியிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவு. அவள் பக்கத்தில் உட்காரும் தோழியின் அம்மா பிறந்த ஊரும் அதற்கு அடுத்ததுதான்.

அந்த விண்ணப்பம் ஏன் எழுதப்பட்டது என்பதும் பாடம்தான். இலங்கையின 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவானது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. பலர் வந்தார்கள். அவர்களுக்காக நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களும் 1969இல் ரெப்கோ வங்கியும் உருவாயின. 1984இல் இராமேசுவரம்–தலைமன்னார் கப்பல் நின்றது. விண்ணப்பித்தும் வர முடியாமல் போனவர்களில் சிலர், பின்னாளில் அகதிகளாகப் படகேறி வந்தார்கள்.

சட்டத்தில் பிறந்த நாளும் எல்லைக்கோடாகிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பால் குடிமகனாவார். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு, பெற்றோரில் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தது. ஒரே மருத்துவமனையில் பிறந்து ஒரே பெஞ்சில் உட்காரும் இருவரில் ஒருத்தி குடிமகள், இன்னொருத்தி அல்ல. அந்தப் பழைய தாள் அவளுக்குக் குடியுரிமை தந்துவிடாது. அதை அவளிடம் மறைக்காமல் சொன்னேன். “தெரியும் சார், அப்பா சொல்லியிருக்காங்க” என்றாள்.

தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர் வாழ்வதாக 2021இல் அரசு தெரிவித்தது. அகதிகள் முகாம் என்ற பெயர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாறியதும் அந்த ஆண்டு ஆகஸ்டில்தான். முகாம் பிள்ளைகள் படிப்பது நம் அரசுப் பள்ளிகளில். அவர்கள் தம் கதையைச் சொல்லக்கூடிய பொது இடம் பெரும்பாலும் நம் வகுப்பறைதான்.

வகுப்பில் செய்து பார்க்க

இந்தச் செயல்பாட்டை முயலும் ஆசிரியர்களுக்கு, நான் தவறி விழுந்து கற்ற சில:

எல்லா மாணவரும் எழுதட்டும். முகாம் பிள்ளையை அல்லது பீகாரிலிருந்து வந்த பிள்ளையை மட்டும் எழுப்பி நிறுத்தி “நீ சொல்லு” என்று கேட்க வேண்டாம்.

எதை இழந்தீர்கள், யார் இறந்தார்கள் என்று நாமாகக் கேட்க வேண்டாம். என்ன சமைத்தீர்கள், எதைக் கையோடு கொண்டுவந்தீர்கள், அங்கே இதற்கு என்ன சொல் என்று கேட்கலாம். ‘லயம்’, ‘பெரட்டு’ போன்ற சொற்கள் அப்படித்தான் எங்கள் வகுப்புக்கு வந்தன.

பழைய ஆவணத்தில் ஜில்லா பெயரைப் பார்த்ததும் இன்றைய எல்லையை நினைக்க வேண்டாம். 1965இல் தருமபுரி பிரியும் வரை, இன்றைய ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டம்தான்.

தாள்களைச் சுவரில் ஒட்டும் முன் குடும்பத்தின் ஒப்புதலைக் கேளுங்கள். குடியுரிமை தொடர்பான தாள்களை வகுப்பில் சுற்றுக்கு விட வேண்டாம்.

கடைசி நாளில் வரைபடத்தில் நூல் கட்டினோம். பெரும்பாலான நூல்கள் சேலத்தையும் ஈரோட்டையும் தாண்டவில்லை. சில ராய்ப்பூர் வரை, ஒன்று துபாய் வரை. அவளுடைய நூல் நாமக்கல்லில் தொடங்கி, மண்டபம், தலைமன்னார், அட்டன், வவுனியா என்று சுற்றி மறுபடி நாமக்கல்லுக்கே வந்தது. அதைக் கட்டிக்கொடுத்தவள், முதல் நாள் சிரித்தவர்களில் ஒருத்தியான அந்தப் பெஞ்சுத் தோழி.