ஹைட்ரஜன் வருகிறது: பாத்திரம் பத்திரமா?

தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை போடச் சொல்லி எடையளவு ஆய்வாளர் வந்து நின்றால், முகம் சுளிக்காத வியாபாரி நம்மில் குறைவு. அன்றைய வியாபாரம் கெடுகிறதே என்ற எண்ணம். ஆனால் நாமே கொள்முதலுக்குப் போகும்போது முத்திரை இல்லாத தராசில் மூட்டையைத் தூக்கி வைக்கச் சம்மதிப்போமா? முதலில் கண் போவதே அந்த முத்திரையின் மேல்தான்.

இங்கே நாம் சொல்ல வந்தது வேறொரு முத்திரையைப் பற்றி. வாயுவை அழுத்தி அடைத்து வைக்கும் பாத்திரங்களில் அடிக்கப்படும் முத்திரை அது. அது பொய்த்தால் போவது ஐம்பது கிராம் சர்க்கரை அல்ல.

ஹைட்ரஜன் என்ற பெயர் சில ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் அடிபடுவதை உறுப்பினர்கள் கவனித்திருப்பீர்கள். 2023 ஜனவரி 4-ஆம் தேதி மத்திய அமைச்சரவை 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி என்பது இலக்கு. தூத்துக்குடித் துறைமுகம் இதற்கொரு மையமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ஹைட்ரஜனில் ஓடும் ரயில் பெட்டியை 2025 ஜூலையில் சோதித்துப் பார்த்தார்கள். நம் சரக்கு லாரிகளும் ஒருநாள் இதில் ஓடக்கூடும். அப்போது இந்த வாயுவை அடைத்த பாத்திரம் நம் கிடங்கு வாசலில் வந்து நிற்கும்.

சரக்கைப் பற்றித் தெரியாமல் கிடங்கில் இடம் கொடுக்கக் கூடாது அல்லவா? இதன் குணத்தைக் கொஞ்சம் பார்ப்போம். எல்லா வாயுக்களிலும் இதுவே மிக லேசானது. நிறமில்லை, மணமில்லை. காற்றில் 100-க்கு 4 பங்கு கலந்தாலும் தீப்பிடிக்கும், 75 பங்கு கலந்தாலும் தீப்பிடிக்கும். அதற்கு நெருப்புக்குச்சி வேண்டியதில்லை, நைலான் சட்டையைக் கழற்றும்போது வருகிற சிறு பொறி போதும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. நல்ல குணமும் உண்டு. கசிந்தால் சமையல் கேஸ் போலத் தரையில் தங்காது, விறுவிறுவென்று மேலே போய்விடும். ஆகவே திறந்த வெளியில் ஆபத்து குறைவு, மூடிய அறையில் அதிகம்.

இது லேசான சரக்கு என்பதால் சாதாரணமாக அடைத்தால் கட்டுப்படி ஆகாது. கார்களில் 700 பார் அழுத்தத்தில் அடைக்கிறார்கள். நம் வீட்டுச் சமையல் சிலிண்டரைச் சோதிப்பதே சுமார் 25 கிலோ அழுத்தத்தில்தான் என்றால் 700 என்பது எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 2014-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராய் காரில் 5 கிலோ ஹைட்ரஜனைச் சுமக்கும் இரண்டு தொட்டிகளின் எடை 87 கிலோவுக்கு மேல். சரக்கு 5 கிலோ, சாக்கு 87 கிலோ! இப்படி ஒரு கழிவு எடையை நம் ஆயுளில் கண்டதில்லை.

இத்தனை அழுத்தத்தைத் தாங்கும் பாத்திரத்துக்கு விதி எழுதுவது எப்படி? இதற்குமுன் நீராவிக் கொதிகலனுக்கு விதி எழுதிய கதையைப் பார்த்தால் அது புரியும். அந்தக் கதையில் வியாபாரிக்கும் பங்கு உண்டு.

1865 ஏப்ரல். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்த நேரம். விடுதலையான போர்க் கைதிகளை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க, அரசாங்கம் தலைக்கு இவ்வளவு டாலர் என்று கப்பல்காரர்களுக்குக் கூலி கொடுத்தது. மிசிசிப்பி ஆற்றில் ஓடிய 'சுல்தானா' என்ற நீராவிக் கப்பல் விக்ஸ்பர்க் துறைக்கு வந்தபோது அதன் கொதிகலன் ஒன்றில் தகடு புடைத்துக் கசிந்துகொண்டிருந்தது. பழுது பார்க்க வந்தவர், தகட்டை முழுதாக மாற்ற வேண்டும், நாள் பிடிக்கும் என்றார். கேப்டனுக்குப் பொறுமை இல்லை. காத்திருந்தால் கூலி வேறு கப்பலுக்குப் போய்விடும். பழைய தகட்டைவிட மெல்லிய தகட்டில் ஓர் ஒட்டுப் போட்டுக் கிளம்பினார்கள். 376 பேருக்கு அனுமதி பெற்ற கப்பலில் 2,000 பேருக்கு மேல் ஏறினார்கள். ஏப்ரல் 27 அதிகாலை, மெம்பிஸ் நகரைத் தாண்டியதும் கொதிகலன்கள் வெடித்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கேப்டனும் தப்பவில்லை.

அந்தக் கேப்டனைப் பாவி என்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். சரக்கு ஏற்றத் தயாராக இருக்கிறது, வாடகை பேசியாகிவிட்டது, டயர் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. 'இந்த ஒரு நடை போய் வரட்டும்' என்று லாரிக்காரரிடம் சொல்லாதவர் நம்மில் எத்தனை பேர்?

மறு ஆண்டே, 1866-இல், ஹார்ட்ஃபோர்டு நகரில் கொதிகலனுக்கென்றே ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி தொடங்கினார்கள். இழப்பீடு கொடுப்பதைவிட ஆளை அனுப்பிக் கொதிகலனைத் தட்டிப் பார்ப்பது மலிவு என்று கண்டுகொண்டவர்கள் அவர்கள். ஆனாலும் எல்லோருக்கும் பொதுவான விதி வர இன்னும் ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. 1905 மார்ச் 20-ஆம் தேதி, மாசசூசெட்ஸ் மாநிலம் பிராக்டன் ஊரில், நான்கு மாடி மரக்கட்டடத்தில் இயங்கிய குரோவர் ஷூ தொழிற்சாலையில் பழைய கொதிகலன் ஒன்று வெடித்தது. கட்டடம் சரிந்து தீப்பிடித்து 58 பேர் இறந்தனர். தகட்டின்மேல் தகடு படிய வைத்து ஆணி அறைந்த இடத்தில், உள்ளே மறைந்திருந்த விரிசலே காரணம். வெளியே நின்று பார்த்தால் தெரியாது.

1907-இல் அந்த மாநிலம் விதி எழுதியது. பிறகு வேறு மாநிலம் வேறு விதி எழுதியது. ஓரிடத்தில் செல்லும் கொதிகலன் இன்னோரிடத்தில் செல்லாது. மாநிலத்துக்கு ஒரு வரி, எல்லைக்கு ஒரு சோதனைச் சாவடி என்று நாம் பட்ட பாட்டை நினைத்தால் கொதிகலன் தயாரிப்பாளர்களின் அவதி விளங்கும். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 1911-இல் குழு அமைத்து, 1914-இல் பொது விதிநூலை முடித்தது. 114 பக்கம். பாத்திரத்தில் நிற்கும் அழுத்தத்தைப் போல் ஐந்து மடங்கைத் தாங்கும் பலம் உலோகத்துக்கு வேண்டும் என்றார்கள். எஃகும் சோதனை முறையும் தேறத் தேற, பின்னாளில் அது நான்கு மடங்காகவும், 1999-இல் மூன்றரை மடங்காகவும் இறங்கியது.

நம் நாட்டிலும் கதை இதேதான். 1863-இல் கல்கத்தாவில் கொதிகலன் வெடித்துப் பலர் இறந்த பிறகே, 1864-இல் வங்காளத்தில் முதல் சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான சட்டம் 1923-இல் வந்தது. அதற்குப் பதிலாக 2025-இல் புதிய கொதிகலன் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

ஹைட்ரஜனுக்கு வருவோம். கொதிகலனுக்கு இல்லாத ஒரு சங்கடம் இதற்கு உண்டு. இந்த வாயுவின் அணுக்கள் மிகச் சிறியவை. எஃகின் உள்ளேயே புகுந்து அதை நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஜான்சன் என்ற ஆங்கிலேயர் 1875-லேயே இதை எழுதி வைத்தார். அமிலத்தில் சில நிமிடம் முக்கிய இரும்புக் கம்பி, வளைத்தால் ஒடிந்தது. ஆகவே எந்த எஃகும் ஆகாது. தேர்ந்தெடுத்த எஃகு வேண்டும். கார்களுக்கு உள்ளே பிளாஸ்டிக் உறை, வெளியே கரிநார் சுற்றிய தொட்டி. எடை கூடினால் வண்டி ஓடாது என்பதால் ஐந்து மடங்கு பலம் கேட்க முடியாது, குறைந்தது இரண்டு மடங்கு கேட்கிறார்கள். அந்தக் குறையைச் சோதனையால் ஈடு கட்டுகிறார்கள். கீழே போடுகிறார்கள், தீயில் காட்டுகிறார்கள், ஆயிரக்கணக்கான தடவை நிரப்பி நிரப்பிக் காலி செய்கிறார்கள். தீயில் சூடேறினால் தொட்டி வெடிக்குமுன் தானே திறந்து வாயுவை வெளியேற்றும் வால்வு கட்டாயம். இவற்றையெல்லாம் சேர்த்து ஐ.நா. அமைப்பின்கீழ் 2013-இல் உலகப் பொதுவிதி ஒன்று ஏற்கப்பட்டது. இந்தியாவில் இத்தகைய பாத்திரங்களுக்கு அனுமதி தருவது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம்.

தொட்டி நன்றாக இருந்துவிட்டால் மட்டும் போதுமா? 2019 மே 23-இல் தென்கொரியாவின் காங்நுங் நகரில் ஹைட்ரஜன் தொட்டி வெடித்து 2 பேர் இறந்தனர், 6 பேர் காயமடைந்தனர். ஹைட்ரஜனோடு ஆக்சிஜன் கலந்து தொட்டிக்குள் போனதே காரணம். கலப்படம் என்றால் நமக்குத் தெரியாததா! அடுத்த மாதமே, ஜூன் 10-ஆம் தேதி, நார்வேயில் ஆஸ்லோ அருகே ஹைட்ரஜன் நிரப்பும் நிலையம் வெடித்தது. ஆராய்ந்தபோது தொட்டியின் அடைப்பில் உள்பக்க போல்ட்டுகளைச் சரியாக முறுக்கவில்லை என்று தெரிந்தது. வாயு மெல்லக் கசிந்து சேர்ந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை, அவ்வழியே காரில் போன இருவருக்கு, அதிர்ச்சியில் காரின் காற்றுப்பை விரிந்து சிறு காயம். எவ்வளவு உயர்ந்த தொட்டியானாலும் அதை மாட்டும் ஆள் கடைசிச் சுற்று முறுக்கினானா என்பதையும் விதியில் எழுத வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் கொரியா, நார்வே சமாசாரம் என்று இருந்துவிட முடியாது. ஹைட்ரஜன் நம் கடைவீதிக்கு எப்போதோ வந்துவிட்டது. திருவிழாக்களில் பறக்கும் பலூன் விற்பவர்களில் சிலர், பழைய சிலிண்டரில் காஸ்டிக் சோடாவும் அலுமினியத் துண்டும் போட்டு உண்டாக்குவது இந்த வாயுவைத்தான். அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று காட்டும் கருவி கிடையாது, மிஞ்சினால் வெளியேற்றும் வால்வு கிடையாது. உள்ளே சூடும் ஏறிக்கொண்டே போகும்.

பல ஆண்டுகளுக்கு முன் தேரோட்டத்தன்று, நம் கடைக்கு அடுத்த தெருவில் அப்படி ஒரு சிலிண்டர் வெடித்தது. பலூன்காரருக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. முதல் நாள் மாலை அவர் காஸ்டிக் சோடா வாங்கியது நம் கடையில்தான். சோப்புக்காக என்று நினைத்து எடை போட்டுக் கொடுத்தோம். கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அதன்பின் முகம் தெரியாதவர்களுக்கு எதற்கென்று கேட்காமல் அதைக் கொடுப்பதில்லை. சில வாடிக்கை போனது உண்மைதான்.

கடையில் டீ, பலகாரம் போடுகிறவர்கள் கேஸ் சிலிண்டர் வந்ததும் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உட்புறம் பாருங்கள். ஏ, பி, சி, டி என்பதில் ஓர் எழுத்தும் வருடமும் இருக்கும். ஏ என்றால் மார்ச் முடிய, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். 'பி 27' என்றிருந்தால் 2027 ஜூனுக்குள் மறுசோதனை செய்தாக வேண்டும். நாள் கடந்ததைத் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

இந்த ஆண்டுத் திருவிழாவில் நம் கடை வாசலில் இடம் கேட்டு ஒரு பலூன்காரர் வந்தார். தம்பி, சிலிண்டரைக் காட்டுங்கள் என்றோம். தொழிற்சாலை சிலிண்டர் என்றால் தோள்பட்டையில் எண்ணும் சோதனை நாளும் வெட்டியிருக்கும். இதில் நல்ல சிவப்புப் பெயின்ட் மட்டும் இருந்தது. இடமில்லை என்று சொல்லிவிட்டோம். அவர் நான்கு கடை தள்ளி, ஒரு பாத்திரக்கடை வாசலில் இடம் பிடித்துக்கொண்டார்.