அறுபத்து மூவரில் நம்மவர்கள்

மயிலைக் கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளில் மாட வீதிகளில் நிற்க இடமிராது. பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் வழங்குகிறோம். வலம் வரும் அறுபத்து மூவர் யார் என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

12ஆம் நூற்றாண்டில் குன்றத்தூர்ச் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் அரசரும் உண்டு, குயவரும் உண்டு. சலவைத் தொழிலாளரும் மீனவரும் உண்டு. நம் வணிகர்களும் உண்டு. திருவொற்றியூர்க் கலியர் எண்ணெய் வணிகர். செல்வம் போனபின் கூலிக்குச் செக்காட்டிக் கோயில் விளக்கேற்றியவர். பழையாறை அமர்நீதியார் பொன்னும் துணியும் விற்றவர். திருநல்லூர்த் திருவிழாவுக்குச் சென்று, அங்கேயே மடம் கட்டி அடியார்களுக்கு அன்னமிட்டவர். அடியவர் ஒருவர் ஒப்படைத்த கோவணம் காணாமற்போக, ஈடாகத் தம் பொருளையெல்லாம் தராசில் வைத்தார். தட்டு சமமாகவில்லை. மனைவி, மகனுடன் தாமும் ஏறியபோதுதான் நேரானது.

இங்கிலாந்தில் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் என்ற கவிஞரும், கான்டர்பரிக்கு யாத்திரை போகும் பலதரப்பட்டவர்களைப் பாடினார். அதில் மாவரைக்கும் ஆலைக்காரர் தானியம் திருடி மும்மடங்கு கூலி எடுக்கிறார்; வணிகரோ கடனை மறைத்து லாபக் கணக்குப் பேசுகிறார்.

இரு கவிஞர்களும் நம் தொழிலை உற்றுப் பார்த்திருக்கிறார்கள். எட்டாம் நாள் பந்தலில் ஏழை பணக்காரர் பாராமல் மோர் ஊற்றுகிறோம். மறுநாள் கால் கிலோ பருப்பு வாங்க வருபவருக்கும் அதே முகமும் சரியான நிறையும் கிடைக்கட்டும். அமர்நீதியார் ஏறிய தராசுதான் நம் கையிலும் இருக்கிறது.