பழைய பிக்கப் வண்டிக்கு டர்போ: குறைந்த செலவில் கூடுதல் வலு சாத்தியமா?

கனடாவின் டொரண்டோ பெருநகரத்தின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் அமைந்துள்ளது டோர்செட் பார்க். 401ஆம் இலக்க நெடுஞ்சாலைக்குத் தெற்கே, கென்னடி சாலை ஊடறுத்துச் செல்லும் இந்தப் பகுதியில், குடியிருப்புகளுக்கு அருகிலேயே சிறு தொழிற்கூடங்களும் வாகனங்களைப் பழுதுபார்க்கும் கராஜ்களும் இயங்குகின்றன. கோடையில் தோட்டப் பராமரிப்பு, குளிர்காலத்தில் பனி அகற்றுதல், இடையில் வீட்டுச் சாமான்களை இடம் மாற்றுதல் என்று சிறு தொழில் செய்பவர்களுக்கு, பிக்கப் வண்டி என்பது வெறும் வாகனம் அல்ல. அதுவே அவர்களின் மூலதனம்.

புதிய பிக்கப் ஒன்றின் விலை பல பத்தாயிரம் டாலர்கள். எனவே 20 அல்லது 25 ஆண்டுகள் பழைய வண்டியை வைத்திருக்கும் ஒருவர், பாரம் ஏற்றிய டிரெய்லரை இழுக்க அது திணறும்போது, டர்போசார்ஜர் ஒன்றைப் பொருத்தினால் என்ன என்று யோசிப்பது இயல்பே. இணையத்தில் சில நூறு டாலர்களுக்கே டர்போக்கள் விற்கப்படுகின்றன. ஆனால் அந்தச் சில நூறு டாலர்கள் மொத்தச் செலவில் சிறு பகுதி மட்டுமே.

வீணாகும் புகையிலிருந்து வலு

எந்த எஞ்சினும் எரிபொருளை மட்டும் எரிப்பதில்லை; காற்றையும் சேர்த்தே எரிக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. ஆகவே எஞ்சினின் வலுவுக்கு எல்லையாக அமைவது, அதன் உருளைகளுக்குள் நுழையக்கூடிய காற்றின் அளவே.

சுவிட்சர்லாந்துப் பொறியாளரான ஆல்ஃபிரட் பூஹி, 1905ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழியைக் கண்டு காப்புரிமை பெற்றார். வெளியேறும் சூடான புகையைக் கொண்டு ஒரு சுழலியைச் சுழலச் செய்து, அதே அச்சில் பொருத்தப்பட்ட மற்றொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துவதே அந்த வழி. இன்றைய டர்போசார்ஜரின் அடிப்படையும் இதுதான். அதன் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேலாகச் சுழலக்கூடியது.

கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டுகள். பழைய எஞ்சின்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் கூடுதல் அழுத்தம் 5 முதல் 7 பவுண்டுகள். 7 பவுண்டுகள் கூடினால் அழுத்தம் சுமார் 48 சதவீதம் உயர்கிறது. ஆனால் வலுவும் 48 சதவீதம் உயரும் என்று கருதுவது தவறு.

காரணம் வெப்பம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதி சூடாவதைப் போலவே, அமுக்கப்படும் காற்றும் சூடாகிறது. 25 பாகை செல்சியஸில் உள்ளே வரும் காற்று, 70 சதவீதத் திறனுள்ள ஒரு டர்போவைக் கடக்கையில் ஏறத்தாழ 75 பாகையை எட்டுகிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால், உண்மையில் கிடைக்கும் கூடுதல் காற்று சுமார் 27 சதவீதமே. இடையில் இண்டர்கூலர் எனப்படும் குளிர்விப்பானைப் பொருத்தி அந்தக் காற்றை 40 பாகைக்கு இறக்கினால், கூடுதல் காற்று ஏறத்தாழ 40 சதவீதமாகிறது. பணத்தை மிச்சம் பிடிப்பதற்காக இண்டர்கூலரைத் தவிர்ப்பவர்கள் இழப்பது இந்த வேறுபாட்டையே.

எஞ்சினின் எச்சரிக்கை ஒலி

வலுவை இழப்பதைவிடப் பெரிய ஆபத்து, 'நொக்கிங்' எனப்படும் தட்டல். காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவை மிகையான அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே வெடித்தெரியும்போது இந்த ஓசை எழுகிறது. இது தொடர்ந்தால் பிஸ்டன்கள் உடையக்கூடும்.

யாழ்ப்பாணத்தில் 1990களில் வாழ்ந்தவர்களுக்கு இந்த ஓசை புதிதல்ல. பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிட்டாத அந்த ஆண்டுகளில், சிறிதளவு பெட்ரோலில் எஞ்சினை இயக்கத் தொடங்கி, பின்னர் மண்ணெண்ணெயில் கார்களை ஓட்டினார்கள். ஆஸ்டின், மொரிஸ் போன்ற பழைய கார்கள் அதைத் தாங்கியதற்கு முக்கியக் காரணம், அவற்றின் எஞ்சின்கள் கலவையைக் குறைவாகவே அமுக்குபவை என்பதாகும். டர்போ பொருத்தும்போதும் இதே விதிதான் குறுக்கிடுகிறது. அமுக்க விகிதம் அதிகமாக உள்ள எஞ்சினில் கூடுதல் காற்றையும் திணித்தால், தட்டல் விரைவில் தொடங்கிவிடும்.

பெரிய நிறுவனங்களும் இதில் இடறியிருக்கின்றன. 1962இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபீல் நிறுவனம் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை வெளியிட்டது. அதன் அமுக்க விகிதம் 10.25க்கு 1. தட்டலைத் தடுக்க, நீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒரு தனித் தொட்டியிலிருந்து எஞ்சினுக்குள் பீய்ச்சப்பட்டது. உரிமையாளர்கள் பலர் அந்தத் தொட்டியை நிரப்பத் தவறினார்கள். கோளாறுகள் பெருகின, பல கார்களில் டர்போவே கழற்றப்பட்டது. 1963ஆம் ஆண்டுடன் அந்த ரகம் கைவிடப்பட்டது.

மலிவு எங்கே சாத்தியம்?

குறைந்த செலவில் இதைச் செய்தவர்களின் அனுபவத்தில் நன்கு அறியப்பட்ட உதாரணம் ஃபோர்ட் ரேஞ்சர். 1980களில் அந்தச் சிறிய பிக்கப்பில் இடம்பெற்ற 2.3 லிட்டர் எஞ்சினின் டர்போ வடிவத்தை, ஃபோர்ட் நிறுவனமே தண்டர்பேர்ட் டர்போ கூப் காரில் பொருத்தியது. 1987, 1988ஆம் ஆண்டுகளின் அந்தக் கார்களில் அதன் வலு 190 குதிரைத்திறன். விபத்துக்குள்ளான கார்களிலிருந்து அந்த எஞ்சினை முழுமையாகக் கழற்றி ரேஞ்சரில் வைத்தவர்கள் பலர்.

இங்கு கவனிக்க வேண்டியது, அவர்கள் டர்போவை மட்டும் எடுத்து வைக்கவில்லை என்பதே. டர்போவுக்கென உருவாக்கப்பட்ட அந்த எஞ்சினில், அடித்து உருவாக்கிய வலுவான பிஸ்டன்களும், 8க்கு 1 என்ற குறைந்த அமுக்க விகிதமும், பொருத்தமான கணினியும் ஒருசேர இருந்தன. ஆனால் அந்தக் கார்கள் இன்று 35 ஆண்டுகளைக் கடந்துவிட்டன.

பழைய டீசல் பிக்கப்களின் நிலை சற்றுச் சாதகமானது. டீசல் எஞ்சின் காற்றை மட்டுமே அமுக்குவதால், பெட்ரோல் எஞ்சினில் ஏற்படும் வகையிலான தட்டல் அதில் நிகழ்வதில்லை. டர்போ இல்லாமல் வந்த ஃபோர்டின் 6.9, 7.3 லிட்டர் டீசல் எஞ்சின்களுக்கென முழுமையான டர்போ தொகுப்புகளை வெளி நிறுவனங்கள் விற்றன. 1993இல் ஃபோர்டே 7.3 லிட்டர் எஞ்சினைத் டர்போவுடன் வெளியிட்டது.

மறைந்திருக்கும் செலவுகள்

டர்போவை வாங்கியபின்தான் உண்மையான செலவு தொடங்குகிறது. அதன் அச்சுக்கு எஞ்சின் ஆயிலைக் கொண்டுசெல்லும் குழாயும், அந்த ஆயில் தடையின்றிக் கீழிறங்கித் திரும்பும் அகலமான குழாயும் வேண்டும். கூடுதல் காற்றுக்கு ஏற்பக் கூடுதல் பெட்ரோலைச் செலுத்தப் பெரிய இஞ்செக்டர்களும், வலுவான எரிபொருள் பம்பும், கணினியை மறுசீரமைக்கும் தொழில்நுட்பரின் உழைப்பும் தேவை. இந்தக் கடைசிச் செலவைத் தவிர்த்தவர்களே பெரும்பாலும் எஞ்சினை இழக்கிறார்கள்.

டொரண்டோவில் மற்றொரு சிக்கலும் உண்டு. குளிர்காலத்தில் சாலைகளில் தூவப்படும் உப்பு, வண்டியின் அடிப்பாகத்தை அரித்துவிடுகிறது. புகைக்குழாயைப் பிணைக்கும் பழைய போல்ட்டுகள் கழற்றும்போதே முறிவது வழமை. முறிந்த போல்ட்டைத் துளையிட்டு எடுக்கும் கூலி, டர்போவின் விலையை எட்டிவிடக்கூடும்.

எனவே எதையும் வாங்குமுன், உருளைகளின் அமுக்கத்தைப் பரிசோதிப்பது அவசியம். உருளைக்கு உருளை வேறுபாடு அதிகமாக இருந்தால், அந்த எஞ்சின் டர்போவுக்கு ஏற்றதல்ல.

இழுக்கும் வலுவும் நிறுத்தும் வலுவும்

எஞ்சினின் வலு கூடுவதால் வண்டி ஏற்றக்கூடிய பாரம் கூடிவிடாது. பிரேக், ஸ்பிரிங், கியர்பெட்டி ஆகியவை பழையபடியே இருக்கும். 1991இல் ஜிஎம்சி நிறுவனம் வெளியிட்ட சைக்லோன் பிக்கப்பில் 280 குதிரைத்திறன் கொண்ட டர்போ எஞ்சின் இருந்தது. ஆனால் அதற்கு அனுமதிக்கப்பட்ட பாரம் 500 பவுண்டுகள் மட்டுமே என்பது குறிப்பிடத்தக்கது.

சட்டத்தைப் பொறுத்தவரை, ஒன்டாரியோ மாகாணத்தில் பயணிகள் வாகனங்களுக்கான 'டிரைவ் கிளீன்' புகைப் பரிசோதனை 2019 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. அதனால் மாசுக்கட்டுப்பாட்டு விதிகளே நீங்கிவிட்டன என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. தயாரிப்பாளர் பொருத்திய வினையூக்கி மாற்றி போன்ற உறுப்புகளை அகற்றுவதை மாகாணச் சுற்றாடல் சட்டம் தொடர்ந்து தடை செய்கிறது.

காப்புறுதி அதைவிட முக்கியமானது. வாகனத்தால் நேரக்கூடிய ஆபத்தின் தன்மையை மாற்றும் எதையும் உடனே அறிவிக்க வேண்டும் என்பது ஒன்டாரியோ வாகனக் காப்புறுதியின் நிபந்தனை. டர்போவைப் பற்றிச் சொல்லாமல் விட்டவர், விபத்துக்குப் பின் இழப்பீடு கோரும்போது சிக்கலில் மாட்டிக்கொள்ளலாம். வண்டியைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதைத் தெரிவிக்காதவருக்கும் இது பொருந்தும்.

டிரெய்லரை இழுப்பதே நோக்கமானால், எஞ்சினைத் தொடாத வழி ஒன்றும் உண்டு. பின் அச்சின் பற்சக்கர விகிதத்தை 3.08இலிருந்து 3.73ஆக மாற்றினால், ஒவ்வொரு கியரிலும் சக்கரத்தைச் சென்றடையும் முறுக்குவிசை 21 சதவீதம் கூடுகிறது. நெடுஞ்சாலையில் எஞ்சின் வேகமாகச் சுழலும், எரிபொருளும் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியானால் முன் அச்சையும் மாற்ற வேண்டும். ஆயினும் பழைய வாகன உதிரிபாகக் கிடங்குகளில் முழு அச்சே கிடைக்கக்கூடும்.

வார இறுதியில் ஓட்டி மகிழ வேறொரு வண்டி வைத்திருப்பவருக்கு டர்போ ஒரு பரிசோதனை. அது தோற்றால் வண்டி சில மாதங்கள் கராஜில் நிற்கும், அவ்வளவே. ஆனால் திங்கட்கிழமை காலை அதே வண்டியில் வேலைக்குப் போக வேண்டியவர், டர்போவின் விலையோடு எஞ்சின் பழுதானால் வேலையின்றி இழக்கும் நாட்களின் வருமானத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.