போத்தல் வாயில் வீற்றிருக்கும் மரமனிதர்

முந்திரிகைப் பழ மது நிரம்பிய ஒரு போத்தலின் வாயை அடைப்பதற்கு ஒரு துண்டுத் தக்கை போதும். ஆயினும், அத்தக்கையின் தலையில் மரத்தாற் செதுக்கிய சிறு மனிதன் ஒருவனை அமர்த்தி, அவனுக்கு வண்ணந் தீட்டி, பின்புறத்திலுள்ள நெம்பை அழுத்தியவுடன் அவன் தொப்பியைத் தூக்கி வணங்கும்படியோ, கையிலுள்ள கிண்ணத்தை வாயிற் கவிழ்க்கும்படியோ அமைத்த கைவினைஞரும் உலகில் இருந்திருக்கின்றனர். சில அடைப்பான்களில் ஆணும் பெண்ணுமாக இருவர் நிற்பர். நெம்பு அழுந்தவே, இருவர் முகங்களும் ஒன்றையொன்று அணுகி முத்தமிடும். ஒரு சாண் உயரமும் இல்லாத இப்பொருள்களை மேலை நாடுகளிற் பலர் தேடித் தேடிச் சேர்த்து வருகின்றனர்.

சேர்க்கத் தொடங்குவோருக்கு முதலில் ஒரு மயக்கம் உண்டாவது வழக்கம். அடைப்பானின் மேல் 'இத்தாலி' என்ற சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். ஆனால் அதில் வீற்றிருப்பவனோ இறகு செருகிய பச்சைத் தொப்பி அணிந்து, ஜேர்மன் மொழி வழங்கும் அல்ப்ஸ் மலை நாட்டுக் குடியானவனைப் போலத் தோன்றுவான். ரோமாபுரியிலோ நேப்பிள்சிலோ இத்தகைய உடையினரைக் காண இயலாது. சீட்டு பொய் சொல்கின்றதா, சிற்பம் பொய் சொல்கின்றதா? இரண்டும் மெய்யே சொல்கின்றன. அதனை விளங்கிக்கொள்ள, அவை பிறந்த பள்ளத்தாக்கின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

இத்தாலியின் வட எல்லையில், டொலமைட் மலைகளின் நடுவே, கார்தேனா என்னும் பள்ளத்தாக்கு இருக்கின்றது. ஜேர்மன் மொழியில் அதன் பெயர் குறோடன். ஓர்ட்டிசேய், சாந்தா கிறிஸ்தீனா, செல்வா என்பன அங்குள்ள ஊர்கள். அவ்வூரவரின் தாய்மொழி இத்தாலியனும் அன்று, ஜேர்மனும் அன்று. இலத்தீனின் வழிவந்த லடின் என்னும் சிறு மொழியாகும். டொலமைட் மலைகளைச் சூழ்ந்த சில பள்ளத்தாக்குகளில் ஏறத்தாழ 30,000 மக்களே அதனைப் பேசுகின்றனர். பனிக்காலத்தில் வயல்வேலை நின்றுவிடும், பாதைகளும் மூடிவிடும். அந்நீண்ட மாதங்களில் அடுப்பங்கரையில் அமர்ந்து மரஞ் செதுக்குவது 17ஆம் நூற்றாண்டு முதலே அம்மக்களின் தொழிலாயிற்று. மலைச்சாரலில் வளரும் அரொல்லா என்னும் பைன் மரம் மென்மையும் நறுமணமும் உடையது. உளிக்கு எளிதில் இசைவது. புனிதர் திருவுருவங்கள், விளையாட்டு விலங்குகள், மூட்டுக்கள் மடங்கும் பொம்மைகள் என வீடு வீடாக அவை பிறந்தன. ஆண்களோடு பெண்களும் செதுக்கினர். ஒரு வீட்டார் குதிரை மட்டுமே செய்வர். இன்னொரு வீட்டார் ஆடு மட்டுமே செய்வர். ஆட்டைச் செய்து தேர்ந்த கைக்கு அதனைச் செதுக்கக் கண் பார்வையும் தேவைப்படாது போலும்! ஊர் வணிகர் இவற்றைச் சுமந்து ஐரோப்பாவின் நகரங்கள் பலவற்றிற்கும் சென்றனர். ஓர்ட்டிசேயிலுள்ள கெர்டெய்னா அருங்காட்சியகத்தில் அப்பழம் பொம்மைகள் இன்றும் காட்சிக்கு உள்ளன.

இப்பள்ளத்தாக்கு நெடுங்காலம் ஒஸ்திரியப் பேரரசின் தைரோல் நாட்டைச் சேர்ந்திருந்தது. முதலாம் உலகப் போர் முடிந்தபின், 1919ஆம் ஆண்டுச் சென் ஜேர்மன் உடன்படிக்கையினால் தைரோலின் தென்பகுதி இத்தாலிக்கு அளிக்கப்பட்டது. 1920இல் அது முறைப்படி இணைக்கப்பட்டது. செதுக்கியவன் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவன் உளியும் மரமும் மாறவில்லை. நாடு மட்டும் மாறியது. மரமனிதனின் தலையில் தைரோல் தொப்பியும் அவன் உடலில் 'இத்தாலி' என்ற சீட்டும் சேர்ந்து காணப்படுவதன் காரணம் இதுவே. சேகரிப்போருக்கு இதனால் ஒரு பயனும் உண்டு. அமெரிக்காவில் இறக்குமதியாகும் பொருள்களிற் பிறந்த நாட்டின் பெயர் குறிக்கப்படல் வேண்டும் என்று 1890இல் அந்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. எனவே, கார்தேனாப் பொருளொன்றில் 'இத்தாலி' என்று கண்டால், அது அப்பள்ளத்தாக்கு இத்தாலியின் கைக்கு வந்ததற்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. 'பாட்டனார் காலத்து, 1900ஆம் ஆண்டுப் பொருள்' என்று சொல்லி விலை கூட்டும் கடைக்காரனுக்கு அச்சிறு சீட்டே மறுமொழி கூறிவிடும்.

நெம்பினால் இயங்கும் இவ்வடைப்பான்களுக்குப் பெரிதும் பெயர் தேடித் தந்தது அன்ரி என்னும் நிறுவனம். 1912இல் சாந்தா கிறிஸ்தீனாவில் அன்தோன் ரிபெசர் என்பவர் இதனைத் தொடங்கினார். அவர் பெயரின் இரு பகுதிகளிலுமுள்ள முதலெழுத்துக்களைச் சேர்த்ததே 'அன்ரி' என்ற பெயர். வீடுதோறும் சிதறிக் கிடந்த தொழில் இத்தகைய நிறுவனங்களால் ஓரளவு ஒரு கூரையின் கீழ் வந்தது.

அத்தொழிலாளரின் வாழ்வு அவர்கள் செதுக்கிய முகங்களைப் போல எப்பொழுதும் நகைமுகமாய் இருந்ததில்லை. முசோலினியின் ஆட்சியில் ஜேர்மன் மொழிப் பள்ளிகள் மூடப்பட்டன. ஊர்ப் பெயர்களும் மாற்றப்பட்டன. 1939இல் ஹிட்லரும் முசோலினியும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, தென் தைரோல் மக்கள் ஜேர்மனிக்குக் குடிபெயர்வதா, மொழியையும் வழக்கத்தையும் இழந்து இத்தாலியிலேயே இருப்பதா என்று அவ்வாண்டு முடிவதற்குள் தெரிவு செய்யவேண்டியதாயிற்று. லடின் மக்களையும் இக்கொடுமை விடவில்லை. பெரும்பான்மையோர் வெளியேறுவதாகவே எழுதிக் கொடுத்தனர். எனினும், போர் மூண்டதனால் ஏறத்தாழ 75,000 பேரே புறப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினர் பின்னர்த் திரும்பி வந்தனர். குடும்பங்கள் இரண்டுபட்டன. 1972ஆம் ஆண்டுச் சுயாட்சிச் சட்டத்தின் பின்னரே அம்மாகாணத்தில் நிலைமை ஓரளவு சீர்ப்பட்டது.

இனி, பொருளைச் சோதிக்கும் முறையைக் கவனித்தல் தகும். ஒரு மாதிரியை ஊசி தடவிச் செல்ல, அதனோடு பிணைந்த பல வெட்டுக் கருவிகள் ஒரே வேளையில் பல பிரதிகளைக் குடையும் பொறிகள் 20ஆம் நூற்றாண்டில் இப்பள்ளத்தாக்கிற்கும் வந்தன. பொறி குடைந்ததைக் கையாற் சீர்செய்து, கையாலேயே வண்ணந் தீட்டினர். ஆகவே, 'கைவேலை' என்னும் சொல்லை அளந்தே நம்புதல் வேண்டும். முழுவதும் உளியாற் செதுக்கிய முகத்தில், கன்னத்திலும் மூக்கிலும் சிறு சிறு தட்டையான வெட்டுப் பரப்புக்கள் தெரியும். இரண்டு முகங்கள் முற்றும் ஒன்றுபோல் இரா. மரமே அல்லாத போலிகளும் உண்டு. அச்சில் வார்த்த பிசினில் மரநார் ஓடாது; இரு பக்கமும் அச்சுப் பொருந்திய கோடு மெல்லியதாய்த் தெரியும். மேற்பூச்சு உதிர்ந்த இடத்தை உற்றுநோக்கினால் உள்ளே இருப்பது மரமா அன்றா என்பது உடனே விளங்கிவிடும்.

மேசையில் அடைப்பானுக்குத் துணையாக வரும் பிற இத்தாலியப் பொருள்களில் முத்திரையை நம்பி ஏமாறுவது இன்னும் எளிது. நேப்பிள்ஸ் நகரின் கபோடிமோந்தே பீங்கான் இதற்குத் தக்க சான்று. புர்போன் மரபினனான சார்ள்ஸ் மன்னன் அத்தொழிற்சாலையை 1743இல் நிறுவினான். 1759இல் அவன் ஸ்பெயினின் அரசுரிமை பெற்றுச் சென்றபொழுது தொழிலாளரையும் உடன் கொண்டு சென்றான். அவன் மகன் 1771இல் மீண்டும் ஒரு தொழிற்சாலை தொடங்கினான். அதன் முத்திரை, நேப்பிள்ஸ் என்னும் பெயரின் முதலெழுத்தும் அதன்மேல் ஒரு முடியும். அத்தொழிற்சாலை மறைந்த பின்னர், இத்தாலியிலும் ஜேர்மனியிலும் பலர் அதே முத்திரையைத் தம் பொருள்களிற் பொறித்தனர். இன்று சந்தைக்கு வரும் முடிசூடிய முத்திரைகளிற் பெரும்பாலானவை அரசனின் உலையைக் கண்டறியாதவை. வெனிசு நகரை அடுத்த முரானோத் தீவின் கண்ணாடியிலோ பெரும்பாலும் கையொப்பமே இராது. ஒட்டிய காகிதச் சீட்டும் கழுவும்போது போய்விடும். 1994இல் வெனெத்தோ மாகாணம் அதற்கென ஒரு முத்திரையைச் சட்டத்தினால் ஏற்படுத்தியது.

அழகு பார்ப்பதற்கு மட்டும் உரிய பொருள் எது, உண்பதற்கு உரியது எது என்று அறியாதவர் உடலுக்கே கேடு தேடிக்கொள்வர். தெரூத்தா, பயென்சா முதலிய ஊர்களின் மயோலிக்காத் தட்டுக்கள் வெள்ளீயம் கலந்த வெண்பூச்சின் மேல் வண்ணந் தீட்டிச் சுட்டவை. பழைய பூச்சுக்களிற் காரீயமும் கலந்திருக்கும். மது, காடி, எலுமிச்சை போன்ற புளிப்புப் பொருள்கள் அதனைக் கரைத்தெடுக்கும்; காரீயமோ மெல்லக் கொல்லும் நஞ்சு, குழந்தைகளை மிகுதியாக வருத்துவது. பளிங்கு போன்ற காரீயக் கண்ணாடிக் குடுவைகளிலும் இவ்வாபத்து உண்டு. அப்பெயருக்கு உரிமை பெற, கண்ணாடியில் நூற்றுக்கு 24 பங்கேனும் காரீய ஒக்சைட்டு இருத்தல் வேண்டும் என்பது 1969இல் ஐரோப்பியச் சமூகம் வகுத்த விதி. விருந்து வேளையில் அதில் ஊற்றிப் பரிமாறுவதாற் பெருந்தீங்கில்லை; அழகிய அடைப்பானை இட்டு வாரக்கணக்கில் மதுவை அதனுள் வைத்திருப்பதுதான் பிழை.

மர அடைப்பான்களைப் பேணுவதில் நீரே முதற் பகை. சவர்க்கார நீரில் ஊறவைத்தால் பழைய வண்ணம் உரியும். மரம் ஊதி நெம்பு இறுகிவிடும். மென்மையான உலர்ந்த தூரிகையினால் தூசியைத் துடைப்பதே சாலும். அசையாத நெம்பை வலிந்து இழுத்தல் ஆகாது. உள்ளிருக்கும் மெல்லிய கம்பி அறுந்தால், மரமனிதன் பின்னர் ஒருபோதும் தொப்பியைத் தூக்கமாட்டான். காலப்போக்கில் தக்கை காய்ந்து வெடிப்பது இயல்பு. புதுத் தக்கை பொருத்துவதனாற் பயன்பாடு மீளும். ஆயினும் பழைய தக்கையை வீசிவிடாது ஒரு சிறு பையில் இட்டுப் பொருளுடன் வைத்திருப்பது நன்று. அடுத்து அதனை வாங்குபவர், எது பழையது எது புதியது என்று கேட்பார்.