எத்தனை தாய்ச் சிப்பிகள்?

தூத்துக்குடிக் கடலின் முத்துப் பார்களில், அதாவது முத்துச் சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகளில், கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். 1973-ல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமியும் குழுவினரும் இங்கே உருண்டை முத்தை வளர்த்தெடுத்தார்கள். 1981-ல் பொரிப்பகத்திலேயே சிப்பிக் குஞ்சுகள் உருவாயின. அந்தக் குஞ்சுகளைப் பாரில் விட்டால் முத்து திரும்பிவிடும் என்ற ஆசை அன்று முதல் இருக்கிறது. நல்ல ஆசைதான். அதில் ஓர் ஆபத்தும் உண்டு. அதைப் பரிணாம உயிரியல் படித்தவர்கள் வெகுநாளாகச் சொல்லி வருகிறார்கள்.

ஒரு தாய்ச் சிப்பி லட்சக்கணக்கில் முட்டையிடும். ஆகவே தொட்டியில் பிறக்கும் பத்து லட்சம் குஞ்சுகளுக்கும் பெற்றோர் பத்தே சிப்பிகளாக இருக்கலாம். கணக்கு எளிது. பத்துப் பெற்றோரும் சமமாகப் பங்களித்தாலும் ஒரு தலைமுறையில் மரபணு வேற்றுமையில் 5 சதவீதம் போய்விடும். ஐம்பது பேர் என்றால் 1 சதவீதம். தொட்டியில் பங்கு ஒருபோதும் சமமாக விழுவதில்லை. ஓரிரு சிப்பிகளின் பிள்ளைகளே பெரும்பாலும் தேறும். ஏற்கெனவே மெலிந்திருக்கும் பாரில் இந்த உடன்பிறப்புக் கூட்டத்தைக் கொட்டினால், எஞ்சிய இயற்கைச் சிப்பிகளின் வம்சம் அதற்குள் கரைந்துவிடும். எண்ணிக்கை ஏறும், வேற்றுமை இறங்கும். ரைமன், லைக்ரே என்ற இரு ஆய்வாளர்கள் 1991-லேயே இதைக் கணித முறையில் காட்டினார்கள்.

வேற்றுமை எதற்கு? 1990களின் நடுவில் ஜப்பானின் அகோயா முத்துச் சிப்பிகள் நோயில் கொத்துக் கொத்தாய் மடிந்தன. நோயைத் தாங்கும் சிப்பி வேண்டி, அங்குள்ளவர்கள் சீனாவிலிருந்து சிப்பி கொண்டுவந்து கலந்தார்கள். நம் பார்கள் இருக்கும் மன்னார் வளைகுடாவோ 2010-லும் 2016-லும் பவளம் வெளுக்கும் அளவுக்குச் சூடேறிய கடல். நாளைய வெப்பத்தைத் தாங்கும் சிப்பி இன்றைய பாரில் எங்கோ கிடக்கலாம்.

இதே கடலில் வாழும் சங்கின் நிலை இன்னும் இறுக்கமானது. முத்துச் சிப்பியின் இளம் உயிரி ஏறத்தாழ மூன்று வாரம் மிதந்து அலைந்து வேறு பாரிலும் ஒட்டும். சங்குக் குஞ்சோ முட்டைக் கூட்டிலிருந்து நேரே தரையில் ஊர்ந்து இறங்குகிறது. ஓரிடத்துச் சங்கைத் துடைத்தெடுத்தால், அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து நீரோட்டம் எதையும் கொண்டுவராது.

ஆகவே, பாரில் குஞ்சு விடும் ஒவ்வொரு முறையும் பெற்றோர் எத்தனை, எந்தப் பாரிலிருந்து எடுத்தவை என்று எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு தாயிடமிருந்தும் சிறு துண்டுச் சதை ஆல்கஹாலில் இருக்க வேண்டும். விடும் முன்பே பாரின் இயற்கைச் சிப்பிகளிடமிருந்தும் அதை எடுத்திருக்க வேண்டும். கலந்த பிறகு பழையதைப் பிரித்துப் பார்க்க வழியில்லை.